நாற்பத்தொன்பது டிகிரி தெற்கு

சேருமிடம் என்ற கட்டத்தில்
தீவின் பெயரை அடித்தேன்.
கணினி ஏற்கவில்லை.
பட்டியலில் அப்படியொரு தேசமே இல்லையாம்.
'இதர' என்று போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

வேலம்பாளையம், மூன்றாவது சந்து.
நூற்று நாற்பது உள்பனியன், முழுக்கை, உயரக் கழுத்து,
கம்பளியும் பருத்தியும் பாதிப்பாதி.
இத்தனூண்டு ஆர்டரை எவன் எடுப்பான்?
முதலாளி எடுத்தார்,
சித்திரையில் மெஷின்கள் சும்மா நின்றதால்.

"எந்த ஊருக்குங்க இது?"
பேட்லாக்கிலிருந்து தலை தூக்காமல் கேட்டாள் பாவாயி.
கன்னியாகுமரியில் விரலை வைத்துத்
தெற்கே இழுத்தேன், கொஞ்சம் மேற்கே சாய்த்து.
விரல் போகிறது.
விரல் இன்னும் போகிறது.
நகத்தடியில் நீலம், நீலம்,
அப்புறம் கைதவறி மிளகைக் கொட்டியது போல
மரமே இல்லாத சில நூறு தீவுகள்.
இவ்வளவு தூரத்துக்கும்
கடிகாரத்தில் அரைமணிதான் வித்தியாசம்:
இங்கே எட்டரைக்குச் சங்கு ஊதினால்
அங்கே மணி எட்டு.

டீ வருவதற்குள்
வரலாறு முழுக்கச் சொல்லி முடித்தேன்.
அவ்வளவுதான் இருந்தது.

பிரெஞ்சுக் கப்பல்காரன் ஒருவன்
மூடுபனிக்குள் கரையைப் பார்த்தான். காலே வைக்கவில்லை.
ஊருக்குத் திரும்பி ராஜாவிடம்
பயிர் விளையும், மாணிக்கம் எடுக்கலாம் என்றான்.
"காங்கயம் ரோட்டு சைட் புரோக்கராட்டம்" என்றாள் பாவாயி.
ஆமாம். மறுமுறை போய் வந்ததும்
ஜெயிலில் போட்டார்கள்.

பின்னால் வந்த இங்கிலீஷ்காரன்
ஒரு பாட்டிலைக் கண்டெடுத்தான்,
உள்ளே ஒரு தாள்: இது எங்கள் ராஜாவினுடையது.
படித்தான்.
கிழிக்கவில்லை. பின்பக்கம்
தன் கப்பல் பெயரையும் வருஷத்தையும் எழுதி
அதே பாட்டிலில் போட்டு மூடினான்.

காணியாளன் இல்லாத நாடு.
எல்லைக்கல்லும் இல்லை, எல்லைச்சாமியும் இல்லை,
பங்காளிச் சண்டைக்கு ஒரு வரப்புகூட இல்லை.
கடல்யானையைக் கொன்று எண்ணெய் காய்ச்சினார்கள்.
முயலைக் கொண்டுபோய் விட்டார்கள்,
அது அங்கு மட்டும் முளைக்கிற முட்டைக்கோசைத் தின்றே பெருகியது.
ஆட்டுப்பண்ணை போட்டுப் பார்த்தார்கள். கட்டுப்படியாகவில்லை.
இப்போது மழையையும் காற்றையும் அளக்கச்
சில பேர், முறை வைத்து.

காற்று என்றதும் மெஷினை நிறுத்தினாள்.
அவள் பிறந்தது கேத்தனூர்ப் பக்கம்.
பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து வருகிற ஆடிக் காற்று
காற்றாலையைச் சுற்றிவிட்டு
அவர்கள் வீட்டுத் தகரத்தையும் ஒருதரம் கொண்டுபோயிருக்கிறது.
"அதைவிடவா?"
அங்கே ஈக்கு இறக்கையே இல்லை என்றேன்.
பறந்தால் கடலில்தான் விழும்,
அதனால் நடக்கக் கற்றுக்கொண்டது.

வெகுநேரம் பேசவில்லை.
பிறகு மணிக்கட்டுத் தையலை
இரண்டு ஓட்டம் ஓட்ட ஆரம்பித்தாள்.
ஸ்பெக்கில் ஒன்றுதான். மாஸ்டர் திட்டினார்,
நூல் கணக்கு யார் கொடுப்பார்கள் என்று.
அதற்குள் முப்பது உருப்படி
ஒற்றை ஓட்டத்தோடு டப்பாவுக்குப் போயிருந்தது.

மார்கழியில் மெயில் வந்தது.
ஒரு பனியனில் இடது மணிக்கட்டு பிரிந்துவிட்டதாம்.
புகார் இல்லை, தகவலுக்காக.
கூடவே ஒரு படம்:
சிவந்து வெடித்த ஒரு கை,
பின்னால் சாம்பல் நிறக் கல்தரை,
ஓரத்தில் மங்கலாக, முயலாகவும் இருக்கலாம், கல்லாகவும் இருக்கலாம்.
பிரிந்த இடத்தை அவர்களே தைத்திருந்தார்கள்,
கருப்புத் துணியில் மஞ்சள் நூலால்,
கோணலாக, பாய் தைப்பது போல.

பாவாயி இரண்டு விரலால் படத்தை விரித்தாள்.
கல்லைப் பார்க்கவில்லை, முயலைப் பார்க்கவில்லை.
"தையல் தெரியாத கைங்க.
ஆனா முடிச்சு கெட்டியாத்தான் போட்டிருக்குது."
போனைத் திருப்பிக் கொடுத்தாள்.
"எவ்வளவு புடிப்பாங்க?"